எலி செத்தால் சிவப்பு முக்கோணம். எலிக்குக் குட்டி பிறக்காவிட்டால்?



நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும்போது நாம் என்ன செய்கிறோம்? கிலோ விதைக்கு 2 கிராம் கணக்கில் கார்பென்டசிம் பவுடரைத் தண்ணீரில் கரைக்கிறோம். விதையைக் கொட்டி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிளறுகிறோம். பக்கத்திலேயே குச்சி கிடக்கும், ஆனாலும் கைதான். அதே கையை வேட்டியில் துடைத்துவிட்டு வெற்றிலை போடுகிறவர்களும் நம்மில் உண்டு. கடையில் கேட்டால், "சிவப்பு முக்கோணம் இல்லையேண்ணே, ஒண்ணும் பண்ணாது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முக்கோணம்தான் முழு உண்மையைச் சொல்லவில்லை.

முக்கோணத்தின் நிறத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதி எலிகள் சாக எவ்வளவு வேண்டும் என்பதுதான் கணக்கு. எலியின் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராமுக்குள் செத்தால் சிவப்பு, 500 வரைக்கும் மஞ்சள், 5000 வரைக்கும் நீலம், அதற்கு மேலே பச்சை. கார்பென்டசிம்மை 5000-க்கு மேலே கொடுத்தாலும் எலி லேசில் சாகாது. ஆகவே அது "சாதுவான" மருந்து! எலி இன்றைக்குச் செத்ததா என்று மட்டும் கேட்கிற முக்கோணம் இது. அந்த எலிக்குக் குட்டி பிறந்ததா, பிறந்த குட்டிக்குக் கண் இருந்ததா என்று அது கேட்பதில்லை.

அதைக் கேட்கிற சோதனை வேறு இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இரண்டு தலைமுறைச் சோதனை என்கிறார்கள். எலிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்தே கிடையாது. மற்ற மூன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவு. ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது 20 சினை எலியாவது கிடைக்க வேண்டும். இணை சேர்ப்பதற்கு முன்பே பத்து வாரம் மருந்து கொடுப்பார்கள். ஏன் பத்து வாரம்? ஆண் எலியின் உடம்பில் விந்தணு முழுசாக உருவாகி வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. பிறகு சினை, பிரசவம், பால்குடி எல்லாவற்றையும் பார்த்து, எத்தனை குட்டி, எத்தனை செத்துப் பிறந்தது, எடை என்ன, விந்தணு எத்தனை என்று எண்ணி எழுதுவார்கள். பால்குடி மறந்த குட்டிகளுக்கும் அதே மருந்து. அவை வளர்ந்து, இணை சேர்ந்து, பேரக்குட்டி பிறக்கும் வரைக்கும் கணக்கு ஓடும். நம் வீட்டில் மாட்டுக்குச் சினை பிடிக்கவில்லை என்றால் இப்படித்தானே பார்ப்போம், அம்மா எப்படி, பாட்டி எப்படி என்று? அதே வேலைதான்.

கார்பென்டசிம் பூசணத்தை எப்படிக் கொல்கிறது தெரியுமா? பூசணத்தின் செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் போல ஒரு சாரம் கட்டும். மருந்து அந்தச் சாரத்தைக் கட்டவிடாது. செல் பிரியாமல் பூசணம் சாகிறது. ஆனால் அந்த மாதிரிச் சாரம் எலியின் விதைப்பையிலும் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது. ஆண் எலிக்கு வாய்வழியாக ஒரே ஒரு தடவை பெரிய அளவில் கொடுத்தபோது, முதிராத அணுக்கள் உதிர்ந்து போய்க் குழாயை அடைத்துக்கொண்டதையும், விதைப்பை சுருங்கிப் போனதையும் 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

கார்பென்டசிம்முக்கு ஒரு தாய்மருந்து உண்டு. பெயர் பெனோமில். மண்ணிலும் செடியிலும் உடம்பிலும் அது உடைந்து கார்பென்டசிம்மாகத்தான் மாறுகிறது. இந்தப் பெனோமிலைத் தீனியில் கலந்து மூன்று தலைமுறை எலிகளுக்குக் கொடுத்த ஆய்வு 1975-ல் வந்தது. கெடுதல் ஒன்றும் இல்லை என்றது. 1982-ல் வேறு ஆய்வாளர்கள் அதே மருந்தைக் குழாய் வைத்துச் சினை எலியின் இரைப்பையில் நேராக விட்டார்கள். குட்டிகள் கண் சிறுத்தும் தலையில் நீர் கோத்தும் பிறந்தன. அதே மருந்துதான். கொடுத்த விதம் மாறியதும் முடிவு மாறிவிட்டது! "சோதனை பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால், எந்த வழியில் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டியது ஏன் என்று இப்போது புரிகிறதா? நம்மைப் போல ஈர விதையில் கைவிட்டு மணிக்கணக்கில் கிளறிய எலி எந்தக் கூண்டிலும் இல்லை.

அமெரிக்காவில் ப்ளோரிடா மாநிலத்தில் 1989-ல் ஒரு கர்ப்பிணிப்பெண் பண்ணை ஓரமாக நடந்து போனபோது பெனோமில் தெளிப்பு மேலே பட்டது என்றும், அதனால்தான் பிள்ளை கண் இல்லாமல் பிறந்தது என்றும் வழக்கு நடந்தது. எலிச் சோதனைகள்தான் முக்கியச் சாட்சி. தயாரித்த டூபான்ட் கம்பெனி மறுத்தது. 1996-ல் ஜூரி 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. இடையில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறி, 2003-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு குடும்பத்தின் பக்கம் உறுதி செய்தது. கம்பெனியோ 2001-லேயே அந்த மருந்து விற்பனையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசு 2018 ஆகஸ்டில் 18 மருந்துகளுக்குத் தடை உத்தரவு போட்டது. உடனே தடையானவற்றில் பெனோமில் ஒன்று. சரி, நல்லது. ஆனால் பெனோமில் உடைந்து எதுவாகிறதோ அந்தக் கார்பென்டசிம்? அது கடையில் இருக்கிறது! அம்மாவை ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிட்டு, அவள் வேலையையே செய்கிற பிள்ளைக்கு நடுவீட்டில் பாய் போட்ட கதை. 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக வரைவு போட்டார்கள். அதில் கார்பென்டசிம் இருந்தது, உடம்பில் போய்க் கார்பென்டசிம்மாக மாறுகிற தயோபனேட் மீத்தைலும் இருந்தது. 2023-ல் கடைசி உத்தரவு வந்தபோது டைகோபால், டினோகேப், மெத்தோமில், மோனோகுரோட்டோபாஸில் ஒரு ரகம், அவ்வளவுதான். 27 எப்படி நாலாகத் தேய்ந்தது என்று கமிட்டி வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் கார்பென்டசிம்முக்கான அனுமதி 2014-லேயே முடிந்தது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கக்கூடியது, வயிற்றுச் சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று அங்கே வகைப்படுத்தி எழுதியே வைத்திருக்கிறார்கள். பஞ்சாப் அரசு 2023-ல் பாசுமதிக்கு 10 மருந்துகளை 60 நாள் நிறுத்தி வைத்தது, அதில் இதுவும் ஒன்று. எதற்காக? ஏற்றுமதி அரிசி திரும்பி வந்துவிடக் கூடாதே! சாப்பிடுகிற வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு நியாயம், கையை விட்டுக் கிளறுகிற நமக்கு ஒரு நியாயம்.

"எலிக்குக் கொடுத்த அளவு ரொம்ப அதிகம், உங்களுக்குத் தோல் வழியாகக் கொஞ்சம்தான் போகும்" என்று கம்பெனி ஆட்கள் மீட்டிங்கில் சொல்வார்கள். அளவு அதிகம்தான், நாம் மறைக்கவில்லை. எலிக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து, மனுஷனுக்கு மனுஷன் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து, ஆக நூறு மடங்கு குறைத்துத்தான் பாதுகாப்பு அளவு போடுகிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் கையுறை இல்லாத கையில் எவ்வளவு போகிறது என்று நம் ஊரில் யார் வந்து அளந்தது? நேர்த்தி செய்த விதையைக் கூடையில் அள்ளிப்போகிற கர்ப்பிணிப் பெண்ணிடம் யார் கேட்டது? இந்த மருந்தால்தான் இன்னாருக்குப் பிள்ளை இல்லை என்று நாம் யாரையும் சுட்டிச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கல்யாணமாகிப் பத்து வருஷம் பிள்ளையில்லாத வீட்டில் பழி எப்போதும் பெண் தலையில்தான் விழுகிறது என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நாம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பெனோமிலுக்குப் போட்ட தடையைக் கார்பென்டசிம்முக்கும் போடு. அதுவரைக்கும் பாக்கெட்டின் மேலே, "ஆண், பெண் இருவரின் பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம், கர்ப்பிணிகள் தொடக் கூடாது" என்று கண்ணுக்குத் தெரிகிற தமிழ் எழுத்தில் அச்சடி. உள்ளே மடித்து வைக்கிற சீட்டை எறும்புதான் படிக்க முடியும். விற்கிற கடையே கையுறை கொடுக்கட்டும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்திருக்கிறது. அதை விதைப்புக்கு முந்தியே ஒவ்வொரு டிப்போவிலும் இருப்பு வை. நாற்று பறித்தபிறகு வந்து சேருகிற சூடோமோனாஸ் யாருக்கு?

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். வீட்டு எரவாணத்தில் செருகி வைத்திருக்கிற கார்பென்டசிம் காலிப் பாக்கெட்டைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்து வாருங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம். பெண்களும் கட்டாயம் வர வேண்டும். மேஜை மேல் அத்தனையையும் பரப்பிவைத்து, இதில் எங்கே எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள் ஐயா என்று கேட்போம்.