திருத்துவோரின் அறிவு: வரைகலை அட்டைகளை முன்வைத்துச் சில வாதங்கள்

கையினாற் செய்யப்படும் தொழில் வேறு, கருத்தினாற் செய்யப்படும் தொழில் வேறு என்னும் பாகுபாடு கற்றோரிடையே நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. நிலவுடைமைச் சமுதாயத்திலே அது சாதியமைப்பின் துணையுடன் நின்றது. கம்மாளரும் குயவரும் தம் தொழில் நுட்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்தபோதும் அந்நுட்பம் ‘கல்வி’ என எண்ணப்படவில்லை. சாதியின் பெயரால் அவ்வாறு கூறுவதற்கு இன்று பலரும் கூசுவர். ஆயினும் அதே எண்ணம் புதிய உடையணிந்து நடமாடுகின்றது. கணினிக்கு நிரல் எழுதுபவர் அறிஞர். அக்கணினி பழுதுற்றவிடத்து அதனைத் திறந்து உயிர்ப்பிப்பவர் வெறும் ‘வேலை தெரிந்தவர்’. இப்பாகுபாடு பிழையானது என்பதும், அப்பிழையினால் இலாபமடைவோர் உளர் என்பதும் கணினியின் வரைகலை அட்டையைத் திருத்தும் தொழிலை ஆராயுமிடத்துத் தெளிவாகும்.

‘கிராபிக்ஸ் கார்ட்’ எனப் பொதுவழக்கில் வழங்கும் இவ்வட்டை, திரையில் உருவங்களைத் தீட்டுவதற்கென உருவானது. 1999 இல் என்விடியா நிறுவனம் ‘ஜீபோர்ஸ் 256’ என்னும் அட்டையை வெளியிட்டபோது ‘வரைகலைச் செயலி’ என்ற பெயரைப் பரவலாக்கியது. விளையாட்டுப் பிரியர்களின் பொருளாயிருந்த அது, செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியோடு உலக வல்லரசுகள் போட்டியிடும் பொருளாயிற்று. 2022 ஒக்ரோபரில் 1,599 அமெரிக்க டொலர் விலையில் வெளிவந்த ‘ஆர்.ரி.எக்ஸ். 4090’ அட்டையை உதாரணமாகக் கொள்வோமாயின், அதன் செயலியில் ஏறத்தாழ 7,630 கோடி திரான்சிற்றர்கள் உள்ளன. அவ்வட்டை 450 வாற்று வரை மின்வலுவை நுகர்வது. செயலியோ ஏறத்தாழ ஒரு வோல்ற்றிலேயே இயங்குவது. எனவே 12 வோல்ற்றாக உட்புகும் மின்னைக் குறைத்து, நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை இமைப்பொழுதும் தளம்பாது வழங்கவேண்டிய பொறுப்பு அச்சுற்றுப்பலகைக்கு உண்டு. பழுதுகளிற் பல தோன்றுமிடமும் இதுவே.

இத்தகைய அட்டையொன்று இயங்காது போயின் தேர்ந்த திருத்துநர் முதலிற் செய்வது யாது? அதனைக் கணினியிற் பொருத்தி மின்னூட்டிப் பார்ப்பதன்று. மின்னூட்டாமலே, பல்மானியைக் கொண்டு ஒவ்வொரு மின்வழிக்கும் நிலத்தொடுப்புக்கும் இடையிலான தடையை அளவிடுகின்றார். இங்கு அளவு மட்டும் போதாது; அதன் பொருளும் தெரிதல் வேண்டும். பெரிய செயலிகளின் மைய மின்வழி ஓர் ஓமிலும் குறைந்த தடையைக் காட்டுவது இயல்பு. இதனை அறியாதார் குறுஞ்சுற்று எனக் கருதி நல்ல செயலியைக் கழற்றிவிடுவர். மாறாக, 12 வோல்ற்றுப் பக்கத்தில் அதே அளவு தோன்றின் அது பழுதின் அடையாளம். மின்னைக் குறைக்கும் மொஸ்பெற் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருக்குமாயின், ஆராயாது மின்னூட்டியவுடன் 12 வோல்ற்றும் நேரே செயலியைத் தாக்கும். சில ரூபாய் பெறுமதியான உறுப்பின் பழுது அவசரத்தினால் முழு அட்டையின் மரணமாக முடிவது இவ்வாறே.

குறுஞ்சுற்று உண்டெனத் துணிந்தபின் அதன் இருப்பிடத்தைத் தேடவேண்டும். பழுதுற்ற வழியிற் சிறிய அழுத்தத்தை மட்டுப்படுத்திய மின்னோட்டத்துடன் செலுத்தி, எவ்வுறுப்புச் சூடாகின்றது என்று நோக்குவர். வெப்பப் படக்கருவி இல்லாதவிடத்துப் பலகைமீது அற்ககோலைத் தடவி, அது எவ்விடத்தில் முதலில் உலர்கின்றது என்பதைக் கொண்டே குற்றவாளியைக் கண்டுகொள்வர். நினைவகப் பழுதாயின் ஆராய்ச்சி இன்னும் நுண்மையானது. 4090 அட்டையிற் செயலியைச் சூழ 12 நினைவகச் சில்லுகள் உள்ளன. சோதனை நிரல் ஒரு சில்லைச் சுட்டலாம். ஆயினும் பிழை சில்லினுள்ளா, அதனைப் பிணைக்கும் பற்றாசுக் குண்டிலா, பாரமான அட்டை தொய்ந்தமையால் விரிசலுற்ற பலகையின் உட்படையிலா, செயலியின் உள்ளேயா என்பதை நிரல் கூறாது. அங்கே முடிவெடுப்பது அனுபவத்தாற் கூர்மை பெற்ற அறிவே.

சில்லைக் கழற்றி மாற்றுவதும் வெறுங் கைப்பழக்கமன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலையில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின் பரவலான கலவை 217 பாகைக்கு மேலேயே உருகத் தொடங்குவது. பல படைகளாலாய செப்புப் பலகை வெப்பத்தை விரைந்து பரப்பிவிடும். ஆதலின் அடியிலிருந்து பலகை முழுவதையும் படிப்படியாகச் சூடேற்றி, மேலிருந்து வெப்பக்காற்றைச் செலுத்தவேண்டும். வெப்பம் குறையின் சில்லுடன் செப்புத் திட்டுகளும் பெயர்ந்து வரும். கூடின் பலகை கொப்புளிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தைப் பற்றாசின் பளபளப்பு மாறுவதைக் கொண்டு உணர்பவர், பொருள்களின் இயல்பைப் பாடநூலிற் கற்றவரினும் குறைந்தவர் என எவ்வாறு கூறலாம்?

தமிழ் மாணவர்க்கு இம்முறை அந்நியமானதன்று. இலங்கைத் தமிழில் ‘திருத்தம்’ என்னும் சொல் பொறியைச் செப்பனிடுதலையும் குறிக்கும்; ஏட்டின் பிழை களைதலையும் குறிக்கும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். சிதைந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை எங்கு நுழைந்தது என்று உய்த்துணர்ந்து, உரிய பாடத்தை மீட்பதே பதிப்பாசிரியன் பணி. சுற்றுவரைபடம் கிடைக்கப்பெறாத திருத்துநரும், இயங்கும் அட்டையொன்றைப் பக்கத்தில் வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளவுகளை ஒப்பிட்டே பழுதின் பிறப்பிடத்தை மீட்கின்றார். ஒப்பீடு, கருதுகோள், சோதனை, நிராகரிப்பு, முடிபு என்னும் படிகள் இரண்டுக்கும் பொதுவானவை. முன்னதற்குச் சிலை எழுப்பும் கல்விச் சமூகம் பின்னதைப் பொருட்படுத்தாமைக்கு அறிவியல் நியாயம் எதுவுமில்லை.

எனினும் திருத்துவோர் எல்லாரையும் ஒருசேரப் போற்றுவது இவ்வாதத்தின் நோக்கமன்று. 2008 யூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கென விற்ற சில செயலிகள் வழக்கத்துக்கு மாறாகப் பழுதுற்றமையால் 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிலிக்கன் சில்லை அதன் தாங்கியுடன் பிணைக்கும் மூலப்பொருளின் பலவீனமே காரணமாகக் கூறப்பட்டது. அக்காலத்திற் பலர், அட்டையைச் சமையலறைக் கனலடுப்பில் வைத்துச் சூடாக்கினால் உயிர்பெறும் எனக் கண்டனர். அது உண்மையில் உயிர்பெற்றது. ஆனால் சில நாள்களோ வாரங்களோ மட்டுமே. செயலியின் அடியிலுள்ள குண்டுகளை உருக்கியதாக அவர்கள் எண்ணினர். பழுதோ செயலியினுள்ளே, கண்ணுக்கெட்டாத நுண்பிணைப்புகளில் இருந்தது. இதனை அறிந்தபின்னும் சூடேற்றிய அட்டைகளைத் ‘திருத்தியவை’ என விற்றோர் திருத்துநரல்லர். பழுதை மறைத்து விற்ற வணிகர். கோட்பாடற்ற கைவினை எவ்வாறு ஏமாற்றாக மாறும் என்பதற்கு இது சான்று. அதேவேளை, பழுது பாவனையாளரின் வீட்டிலன்றித் தொழிற்சாலையிலேயே பிறந்தது என்பதையும் மறத்தலாகாது.

இங்கே மையமான கேள்வி எழுகின்றது. திருத்துவோர் ஏன் இருளில் தடவவேண்டியுள்ளது? தொழினுட்பம் சிக்கலாகிவிட்டமையே காரணம் என்பர் ஒரு சாரார். இது பாதி உண்மை. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதன் தொழினுட்பக் கைந்நூலிற் சுற்றுவரைபடங்களையும் அடிப்படை நிரலின் முழுப் பிரதியையும் அச்சிட்டு விற்றது. அதற்கு முன்னர் வானொலிப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்திலே வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. இன்று அட்டையின் வரைபடம் வெளியார்க்குத் தரப்படுவதில்லை. வரைகலைச் செயலி தனி உறுப்பாகத் திருத்துநர்க்கு விற்கப்படுவதுமில்லை. கசிந்த கோப்புகளையும் இறந்த அட்டைகளிலிருந்து கழற்றிய உறுப்புகளையும் நம்பியே தொழில் நடைபெறுகின்றது. அறிய முயல்வோர் களவாக அறியவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளனர்.

வரைபடத்தை வெளியிட்டால் தொழிலிரகசியம் பறிபோகும் என்னும் வாதம் நிலைக்காது. நிறுவனங்களின் உண்மையான இரகசியம் செயலியினுள்ளே உள்ளது. அதனை எந்தத் திருத்துநரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது அச்செயலிக்கு மின் எவ்வழியே செல்கின்றது என்பதையே. போட்டி நிறுவனமொன்று அட்டையை விலைக்கு வாங்கி ஆராய்ந்து அதனை எளிதில் அறிந்துகொள்ளும். ஆகவே இம்மறைப்பினாற் பாதிக்கப்படுவோர் போட்டியாளரல்லர். பொருளை வாங்கியோரும் அதனைத் திருத்துவோருமே. முதலாளித்துவ உற்பத்தியிற் சிந்தனை செயலினின்றும் பிரிக்கப்பட்டு நிர்வாகத்தின் தனியுடைமையாக்கப்படுகின்றது என 1974 இல் ஹரி பிரேவர்மன் விளக்கினார். தொழிற்சாலையினுள்ளே நிகழ்ந்த அப்பிரிப்பு இன்று திருத்தக்கடையின் வாசல்வரை நீண்டுள்ளது.

‘புதியது வாங்குவதே சிக்கனம்’ என்பது மற்றொரு வாதம். மிகப் பழைய, வலுக்குறைந்த, மின்னை விழுங்கும் அட்டைகளைப் பொறுத்தவரை இது உண்மையாகலாம். பொதுவிதியாக அதனை ஏற்க இயலாது. சிக்கனம் என்பது யாருடைய நாணயத்தில் கணக்கிடப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாய். 1,500 டொலர் பெறுமதியான பொருள், வரிகளைச் சேர்க்காமலே, 3 இலட்சத்திலிருந்து 5 இலட்சத்து 40 ஆயிரமாயிற்று. பொருள் மாறவில்லை, அதனை வாங்கும் நாட்டின் நிலை மாறியது. இறக்குமதியையே நம்பிய நாடுகளில் திருத்தும் திறன் ஒரு வகை அந்நியச் செலாவணியேயாகும். உலகளவில் நோக்கினும், 2022 இல் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உருவாகி, அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சார்ந்த 2024 ஆம் ஆண்டறிக்கை கூறுகின்றது. எஞ்சியவற்றின் நச்சைச் சுமப்போர் பெரும்பாலும் அப்பொருளை அனுபவித்தோரல்லர்.

திருத்தும் திறனின் பெறுமதியை வல்லரசுகளின் மோதலே அண்மையில் வெளிப்படுத்திற்று. 2022 ஒக்ரோபரில் அமெரிக்க அரசு உயர்திறன் செயலிகளைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. 2023 ஒக்ரோபரில் அக்கட்டுப்பாடு 4090 அட்டை வரை விரிந்தது. உத்தியோகபூர்வ உதவி கிடைக்காத நிலையில், தடைசெய்யப்பட்ட செயலிகளைத் திருத்தும் சிறு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு சென்சென் நகரில் இயங்குவதாக 2025 யூலையில் ரொய்ட்டர்ஸ் செய்திவெளியிட்டது. அவற்றுள் ஒன்று 15 ஆண்டுகளாக விளையாட்டு அட்டைகளைத் திருத்திவந்தது. 4090 செயலிகளைக் கழற்றிப் புதிய பலகைகளிற் பொருத்தி, 24 கிகாபைற்று நினைவகத்தை 48 ஆக்குவோரும் அந்நாட்டிலே தோன்றினர். கடத்தற் பொருளைச் சார்ந்த இவ்வணிகத்தை இலட்சியமாகக் காட்டவேண்டியதில்லை. ஆனால் ஒன்று மறுக்கவொண்ணாதது. சந்தைக் கடைகளிலே பல்லாண்டுகளாக, எவராலும் மதிக்கப்படாது திரண்ட கைத்திறனே நெருக்கடி வேளையில் அரசுகளும் கணக்கிலெடுக்கவேண்டிய ஆற்றலாயிற்று. அத்தகைய ஆற்றலை ஓரிரவில் விலைகொடுத்து வாங்க இயலாது.

சட்டங்கள் மெல்ல மாறிவருகின்றன. பிரான்சு 2021 இல் சில இலத்திரனியற் பொருள்களுக்குத் திருத்தத்தகு சுட்டெண்ணைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தவுரிமை பற்றிய பணிப்புரையை நிறைவேற்றியது. சலவைப்பொறியும் கைத்தொலைபேசியும் இடம்பெறும் அப்பணிப்புரையின் பொருட்பட்டியலில் வரைகலை அட்டை இடம்பெறவில்லை. அவ்வாறு இடம்பெறினும் சட்டம் தகவலைத் திறக்குமேயன்றித் திறனைப் பிறப்பிக்காது.

திறனைப் பேணும் கடமை கல்விக்கூடங்களுக்கும் உண்டு. பயிற்சியற்றவர் திருத்துவது ஆபத்தானது என நிறுவனங்கள் கூறும்போது, அதற்கான விடை திருத்தத்தைத் தடுப்பதன்று. பயிற்சியையும் ஆவணங்களையும் பொதுவாக்குவதே. இதில் மொழிக்கும் பங்குண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். உடலின் நரம்பையும் நாளத்தையும் அன்றே தமிழில் விளக்க முடிந்ததெனில், மின்வழியையும் பற்றாசையும் விளக்கத் தமிழுக்கு இயலாது எனக் கூறுவோர் மொழியின் வறுமையையன்றித் தம் முயற்சியின் வறுமையையே காட்டுகின்றனர்.

திருத்துநர்கள் பேசும் தொழிற்சொற்களைத் தொகுத்தல், அவர்கள் கண்ட பழுதுகளையும் தீர்வுகளையும் எழுத்திற் பதிதல், பொறியியற் பீடத்தினரும் கடைத்தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து கற்கும் வகுப்புகளை அமைத்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி உடனடியாகத் தொடங்கத்தக்க பணிகள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் செல்வதுபோல இக்கடைகளையும் தேடிச் செல்லுதல் வேண்டும். எழுதப்படாத அறிவு அதனை உடையவரோடு மறைந்துவிடும் என்பதைச் செல்லரித்த ஏடுகளின் வரலாற்றைப் பயின்றோர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.