ஒரு வீட்டுக்கு ஒரு ரிமோட் போதும்!

ஜோகுபாளையத்தின் குறுகலான தெருக்களில் மாலை ஏழு மணிக்கு நடந்து சென்றால், வீட்டுக்கு வீடு டி.வி. சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் தமிழ்த் தொடர், அடுத்த வீட்டில் கன்னடச் செய்தி. சத்தம் கேட்காத வீட்டில் டி.வி. இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய டி.வி. இருக்கும், ஸ்பீக்கர் செட்டும் இருக்கும். அதைப் போடத் தெரிந்த பிள்ளைதான் வேலையிலிருந்து இன்னும் திரும்பியிருக்க மாட்டான்!

இது வேடிக்கையல்ல. ஹோம் தியேட்டர் வாங்கும் குடும்பங்களில் இன்று சாதாரணமாகக் காணும் சங்கடம். டி.வி.க்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்து. பகலெல்லாம் தனியாக இருக்கும் ஆயா தவறி ஒரு பொத்தானை அழுத்தினால் படம் மறைந்து, 'சிக்னல் இல்லை' என்று வந்துவிடும். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே ஆயா" என்று பேரன் சொல்லிவிட்டுப் போகிறான். மாதத் தவணை கட்டி வாங்கிய பொருளின் முன்னால், வீட்டின் மூத்தவர் விருந்தாளி போல உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைய எளிமை

பெங்களூரில் டி.வி. வந்த புதிதில், ஒரு குமிழைத் திருகினால் படம் வந்தது. இன்னொன்றைத் திருகினால் சத்தம் கூடியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதை இயக்கினார்கள்.

2013 மார்ச் 31-ஐக் கெடுவாக வைத்து, பெங்களூர் உள்ளிட்ட நகரங்களில் கேபிள் டி.வி. டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. கூடவே இரண்டாவது ரிமோட்டும் வந்தது. ஸ்பீக்கர் செட்டோடு மூன்றாவதும் சேர்ந்தது.

ரிமோட் பிறந்ததே சிரமத்தைக் குறைக்கத்தான். அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 1956-ல் விற்பனைக்குக் கொண்டு வந்த ரிமோட்டுக்குப் பேட்டரி கூட வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேளாத அந்த ஒலியை டி.வி. புரிந்துகொள்ளும். இன்று ஒரு ரிமோட்டில் நாற்பது பொத்தான்கள். பெரும்பாலான வீடுகளில் பயன்படுவது ஆறோ ஏழோதான்.

குறை யாரிடம்?

"வயசானவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது நியாயமல்ல. குறை, பொருத்திவிட்டுப் போனவரிடம் இருக்கிறது.

டி.வி.யையும் ஸ்பீக்கரையும் எச்.டி.எம்.ஐ. கம்பியால், 'ஏ.ஆர்.சி.' என்று குறித்துள்ள துளையில் இணைத்தால், சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். ரிமோட் கட்டளையும் கூடவே போகும். 2009-ல் வந்த வசதி இது. இதற்கு 'சி.இ.சி.' என்ற அமைப்பையும் டி.வி. மெனுவில் இயக்கி வைக்க வேண்டும். சாம்சங் அதை 'எனிநெட் பிளஸ்' என்கிறது, எல்.ஜி. 'சிம்ப்லிங்க்' என்கிறது, சோனி 'பிராவியா சிங்க்' என்கிறது. பெயர் வேறு, வேலை ஒன்றே. டி.வி.யை நிறுத்தினால் ஸ்பீக்கரும் நின்றுவிடும்.

சிவப்பு வெள்ளைப் பின் வைத்த பழைய கம்பியாலோ ஆப்டிகல் கம்பியாலோ இணைத்தால் சத்தம் வரும். இந்தக் கட்டளை போகாது. அவசரத்தில் பொருத்துகிறவர் இப்படிச் செய்துவிட்டுப் போவதால்தான் மூன்று ரிமோட்டும் மேசையில் தங்கிவிடுகின்றன.

பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில், டி.வி.யைப் போடவும் சத்தத்தைக் கூட்டவும் தனிப் பொத்தான்கள் உண்டு. டி.வி. ரிமோட்டை எதிரே வைத்து அவற்றுக்குப் 'பாடம்' சொல்லிக் கொடுக்கலாம். பத்து நிமிட வேலை. பிறகு அந்த ஒரு ரிமோட் போதும். மற்றவை மேசை அறைக்குள் போகலாம். புது வசதிகள் வேண்டும் என்கிற இளைஞர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தட்டும், யாரும் தடுக்கவில்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஐந்து ஸ்பீக்கரும் அதிரும் பெட்டியும் தேவைதானா என்பதையும் யோசிக்க வேண்டும். படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருகிறது. அது சரியாக அமையாவிட்டால் சண்டை இடிக்கும், பேச்சு கேட்காது. சிறிய அறைக்கு, வசனம் தெளிவாகக் கேட்கும் ஒரே நீளப் பெட்டி போதும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

செய்ய வேண்டியது

சினிமாக் கொட்டகையில் படம் ஓட்ட ஆபரேட்டர் இருந்தார். வீட்டில் பேரனை ஆபரேட்டராக்கி, அவன் வரும் வரை எல்லோரையும் காக்க வைப்பது வசதியாகுமா?

சுவர் அதிர்ந்ததும் வேலை முடிந்தது என்று கடைக்காரர்கள் கருதக் கூடாது. வீட்டின் மூத்தவர் தம் கையால் டி.வி.யைப் போட்டு, சேனல் மாற்றி, சத்தம் கூட்டி, நிறுத்திக் காட்ட வேண்டும். அதுவரை பொருத்தியவரின் சீட்டில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

செட்டாப் பாக்ஸ் இல்லாமலே இலவசச் சேனல்களைப் பெறும் டி.வி.க்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் தர விதி வகுத்தது. பெரிய எழுத்து, குறைந்த பொத்தான், தாய்மொழிக் குறிப்பு உள்ள ரிமோட்டுக்கும் அப்படி ஒரு விதி வகுத்தால் என்ன? உற்பத்தியாளர்களும் அதிகாரிகளும் கவனிப்பார்களா?