பேட்ச் எண் உண்டு, பெயர் இல்லை

காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த மாதம், காலாவதியாகும் மாதம், அவற்றோடு ஒரு பேட்ச் எண் இருக்கும். எந்த மூலப்பொருள் எந்தக் கலனில் கலக்கப்பட்டது, எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை நிமிடம், யார் மேற்பார்வையில் என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பெயிண்ட், சாயம், பூச்சிமருந்து போன்றவையும் பெரும்பாலும் இப்படித்தான் தயாராகின்றன. ஓர் அண்டா சோறு வடித்து இறக்கிவிட்டு, அண்டாவைக் கழுவி அடுத்த உலை வைப்பதுபோல.

முன்பு இந்த விவரங்களைச் சூப்பர்வைசர் நோட்டில் எழுதினார். இப்போது கம்ப்யூட்டர் எழுதுகிறது. பேட்ச் முறை உற்பத்தியை எப்படிப் பிரித்து நடத்துவது என்பதற்கு ஐ.எஸ்.ஏ.-88 என்ற தரவிதி 1995இல் வந்தது. மின்னணுப் பதிவையும் மின்னணுக் கையொப்பத்தையும் ஏற்பதற்கான விதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997இல் வெளியிட்டது. இவற்றை ஒட்டி வளர்ந்தவைதான் எம்.இ.எஸ். எனப்படும் உற்பத்தி மென்பொருள்கள். மூட்டையின் கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். தவறான மூட்டை என்றால் அடுத்த படிக்குப் போக விடாது. எடை குறைந்தாலும் நிறுத்திவிடும். யார், எத்தனை மணிக்கு எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதும் பதிவாகும். இன்றைய மென்பொருளோ முழுப் பதிவையும் படிக்கச் சொல்வதில்லை. வழக்கத்திலிருந்து விலகியதை மட்டும் எடுத்து அதிகாரி முன் வைக்கிறது.

இதை நாம் வரவேற்கிறோம். தவறான கலவை ஒரு கலனையே வெடிக்க வைக்கும். அதைத் தடுக்கும் கருவி முதலில் காப்பாற்றுவது தொழிலாளியின் உயிரைத்தான்.

நமது கேள்வி வேறு. அண்டாவைக் கழுவுவது யார்?

ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கலனைச் சுத்தம் செய்ய வேண்டும். சில இடங்களில் இயந்திரமே கழுவுகிறது. பல இடங்களில் ஆள்தான் உள்ளே இறங்கிச் சுரண்டுகிறார். எண்ணூர், மணலி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த வேலைக்கு ஒப்பந்ததாரர் வேன் வந்து நிற்கும் இடங்களை நாம் பார்க்கிறோம். ஒன்று நம் காலனி முனை. இல்லையென்றால் வடமாநில இளைஞர்கள் அடைந்து கிடக்கும் அறை வாசல். கம்ப்யூட்டரில் ‘கலன் சுத்தம் செய்யப்பட்டது’ என்று டிக் போடுபவருக்கு ஐ.டி. உண்டு. உள்ளே இறங்கியவருக்கு இல்லை. அவர் ஒப்பந்ததாரரின் நோட்டில் ‘ஆட்கள் 4’ என்ற எண்ணிக்கையாகக் கிடக்கிறார். சேரிக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் கோடு கம்ப்யூட்டர் திரைக்குள்ளும் வந்துவிட்டது.

இதன் விலை என்ன என்பதைத் தெலங்கானா காட்டியது. 2025 ஜூன் 30 அன்று பாஷமைலாரத்தில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் சிகாச்சி ஆலை வெடித்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். பலரை மரபணுச் சோதனையில்தான் அடையாளம் காண முடிந்தது. பொடியின் ஒவ்வொரு மூட்டைக்கும் எண் இருக்கும் தொழில் அது. அங்கே உறவினர்கள், தங்கள் ஆள் உள்ளே இருந்தாரா என்று தெரியாமல் வாசலில் நாட்கணக்கில் நின்றார்கள்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரும் இறங்குமுன் தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் சுவாசக் கருவியோடு கயிறு கட்டி இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. போபாலுக்குப் பிறகு 1987இல் சேர்ந்த 41பி பிரிவு, ஆபத்து பற்றிய தகவலைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் சொல்ல வேண்டியது ஆலையின் கடமை என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் காலத்திலும் இந்தக் கடமைகள் நீர்த்துப்போகக் கூடாது.

சுற்றுப்புற மக்கள் என்றால் யார் என்று எண்ணூருக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அது பேட்ச் கலன் அல்ல, குழாய்தான்; ஆனால் பாடம் ஒன்றே. குழாயில் அழுத்தம் குறைந்ததைக் கருவி காட்டியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களுக்கோ மூக்கும் கண் எரிச்சலும்தான் செய்தி சொல்லின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆலை வாசலில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய அம்மோனியா 2,090 இருந்தது. ஆலைக்குள் திரைக்குத் தெரிந்தது, மதில் தாண்டித் தெருவுக்கு வரவில்லை.

கம்பெனிகள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: தொழில் ரகசியம். உங்கள் செய்முறையை நாம் கேட்கவில்லை. எந்த மருந்தில் எதை எவ்வளவு கலக்கிறீர்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கலனுக்குள் இறங்கியவர் யார், இறங்கும்போது ஆக்சிஜனும் வாயுவும் எவ்வளவு இருந்தன, அவர் எத்தனை மணிக்கு வெளியே வந்தார், மதிலுக்கு வெளியே என்ன கசிந்தது என்பவற்றைத்தான் கேட்கிறோம். இவை எப்படி ரகசியமாகும்?

உண்மைக் காரணம் வேறு. பெயர் பதிவானால் பொறுப்பும் பதிவாகும். ஒரே ஆள் ஒரே ஆலையில் பத்து ஆண்டுகளாகக் கலன் கழுவுகிறார் என்று கம்ப்யூட்டரே சாட்சி சொன்னால், அவர் ‘தற்காலிக ஆள்’ என்று யாரும் சொல்ல முடியாது. நுரையீரல் கெட்டுப் படுத்தால் எந்த நாளில் எந்த ரசாயனத்தில் நின்றார் என்று வழக்கறிஞர் கேட்பார்.

பெயர்களின் பலம் நமக்குப் புதிதல்ல. மலக்குழியில் இறந்தவர்களின் பெயர்களை சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போன்ற இயக்கங்கள் ஊர்ஊராகத் திரட்டின. நீதிமன்றம்வரை போனார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் அங்கே பெயர்களைத் திரட்டியது சாவுக்குப் பிறகு. ஆலைக் கலனில் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வழி இருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. கலனுக்குள் இறங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியும் தன் பெயரில் மென்பொருளில் பதிவாக வேண்டும். வாயுச் சோதனை அளவு ஏறாமலும், இறங்கிய அத்தனை பேரும் வெளியே வந்தது உறுதியாகாமலும் அடுத்த பேட்ச் தொடங்கக் கூடாது. தவறான மூட்டைக்கு நிற்கும் இயந்திரம் ஓர் ஆளுக்காகவும் நிற்கட்டும். அந்தப் பதிவின் நகல் தொழிலாளிக்குத் தமிழில் கிடைக்க வேண்டும். தாமதத்துக்குக் கூலி பிடிக்கும் கோலாக அது மாறக் கூடாது. கசிவு எச்சரிக்கை அதே நிமிடத்தில் சுற்றியுள்ள குப்பங்களுக்கும் காலனிகளுக்கும் ஒலிக்க வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர் இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார் அண்ணல் அம்பேத்கர். வேலை நேரத்தைக் குறைக்க அவர் பாடுபட்டது, தொழிலாளியின் உடலுக்கும் ஓர் அளவு உண்டு என்பதைச் சட்டத்தில் எழுதத்தான். இன்று சட்டத்தோடு சேர்ந்து மென்பொருளும் அளவு வைக்கிறது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் கருவியியலும் கம்ப்யூட்டரும் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை அந்தத் திரைக்கு முன் உட்காருவார்கள். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற பெட்டியில் டிக் போடுமுன், உள்ளே போனவர் பெயரை எழுத இடம் எங்கே என்று முதல் நாளே கேளுங்கள்.