துறவி மூட்டிய அடுப்பு

“மடம்” என்றதும் நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கக் காண்கிறேன். உழைக்காது உண்போர் உறைவிடம் என்பது அவர்தம் எண்ணம். மைசூருக்குப் படிக்க வரும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

நஞ்சன்கூட்டை அடுத்து, கபிலையாற்றின் கரையில் சுத்தூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள வீரசைவ மடத்தின் தோற்றம் நம்மோடும் தொடர்புடையது. தஞ்சைச் சோழன் இராசராசனும் தலைக்காட்டுக் கங்க மன்னன் இராசமல்லனும் பகைகொண்டு நின்றபோது, சிவராத்திரீசுவரர் என்னும் துறவி இடைநின்று அமைதி செய்தார் என்றும், அவரை முதல்வராகக் கொண்டு எழுந்ததே இம்மடம் என்றும் மடத்தார் வழிவழியாகக் கூறுவர்.

அம்மரபில் 23-ஆம் பட்டத்தில் வீற்றிருந்தவர் சிவராத்திரி இராசேந்திர அடிகள் (1916–1986). நாட்டுப்புறத்திலிருந்து படிக்க வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு நகரில் உண்ணவும் உறங்கவும் இடமில்லாமையை அவர் கண்டார். கல்லூரிகள் காண்பதற்கு முன்னரே இலவச விடுதி கண்டார். அடுப்பு எரிந்த பின்னரே ஏடு விரிந்தது! 1954-இல் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் தோன்றிற்று, 1984-இல் மருத்துவக் கல்லூரியும் எழுந்தது.

மேலைநாட்டில் 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த ஒழுங்கும் இதையே வற்புறுத்துகிறது. மடத்தலைவரை அது ‘தந்தை’ என்கிறது. தம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் அவர் இறைவன்முன் கணக்குச் சொல்லியாக வேண்டும். வந்த விருந்தினரைக் கிறித்துவாகவே ஏற்க வேண்டும். நெறிகள் வேறு, தலைமைக்குரிய கடமை ஒன்றே.

மடங்களிலே குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. சாதியும் செல்வச் செருக்கும் புகுந்த மடங்களை நாடறியும். ஆனால், பிறரைக் குறைகூறும் நாம் செய்தது என்ன?

சென்ற ஆண்டு நம்முள் ஒருவர், நெசவாளியின் மகன், உணவுக் கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பைவிட்டு ஊர் திரும்பினார். அதே திங்களில் நம் பொங்கல் விழா மேடைக்கு வண்ண விளக்குகள் பூட்டினோம். ஏணிமேல் நின்று விளக்குக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

விழா வேண்டாம் என்பார் யார்? அதன் செலவிற் பாதியை உணவு நிதியாக ஒதுக்குவோம் என்பதே என் கருத்து. பெறுபவர் பெயர் பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தாற் போதும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். ஒரு துறவிக்கு இருந்த குடும்பப் பொறுப்பு, தமிழால் ஒரு குடும்பம் என்று மேடைதோறும் முழங்கும் நமக்கு வேண்டாவா? கை தூக்குங்கள், தோழர்களே!