25,800 பேரில் 43 பேரை வைத்து 81 சதவீதமா? கோவாக்சின் கணக்கு சொல்லும் பாடம்

2021 மார்ச் 3. கோவாக்சின் 81% பலன் தருவதாக பாரத் பயோடெக் அறிவித்தது. ஜனவரி 3-ம் தேதியே அவசரகால அனுமதி கிடைத்திருந்ததால், "ரிசல்ட் வராமலே எப்படி அனுமதி?" என்ற கேள்வி ஏற்கெனவே சூடாக இருந்தது. அன்று வந்ததும் முழு ரிசல்ட் இல்லை, இடைக்கால முடிவு. அப்படின்னா என்ன?

எதை வைத்து கணக்கு?

சோதனையில் 25,800 பேர். பாதிப் பேருக்கு தடுப்பூசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. இங்கே 'தகவல்' என்பது ஆள் எண்ணிக்கையோ, ஓடிய மாதங்களோ இல்லை. அறிகுறியோடு கொரோனா வந்தவர்களின் எண்ணிக்கைதான்.

திருச்சுழி பக்கம் எம்.ரெட்டியபட்டி மாதிரி மானாவாரி ஊர்களில், ஐப்பசி பிறந்து எத்தனை நாளாச்சுன்னு பார்த்து விளைச்சலைச் சொல்ல மாட்டாங்க. எவ்வளவு மழை பெய்ஞ்சுதுன்னுதான் கேட்பாங்க. அதே கதைதான் இதுவும்.

இறுதிக் கணக்குக்கு இலக்கு 130 நோயாளிகள். 43 பேர் ஆனதும் முதல் பார்வை, 87-ல் இரண்டாவது. ஆக, மார்ச்சில் கையில் இருந்தது மூன்றில் ஒரு பங்கு தகவல்தான்.

3 பேர் மாறியிருந்தால்?

அந்த 43 பேரில் தடுப்பூசி போட்டவர்கள் 7, போடாதவர்கள் 36. இதில் 3 பேர் மட்டும் இந்தப் பக்கம் மாறி, 10-க்கு 33 என்று வந்திருந்தால்? 81% சுமார் 70% ஆகியிருக்கும்.

இறுதியில் வந்தது 24-க்கு 106. இங்கேயும் 3 பேரை மாற்றிப் பாருங்க, ஏறத்தாழ 4 புள்ளிதான் இறங்கும். தகவல் சேரச் சேர கணக்கு ஆட்டம் காணாது.

அடிக்கடி எட்டிப் பார்க்கலாமா?

கூடாது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், அதிர்ஷ்டத்தில் வந்த நல்ல எண்ணை நிஜம்னு நம்பிவிடும் ஆபத்து கூடும். அதனால் எப்போது பார்ப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். தகவல் குறைவாக இருக்கும்போது, ஜெயிச்சாச்சுன்னு சொல்ல ஆதாரமும் பலமாக இருக்கணும்.

கடைசியில் என்ன ஆச்சு?

ஏப்ரலில் 78%, ஜூலை 3-ல் இறுதி முடிவு 77.8%. முதல் கணக்கு பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் தப்பாது என்று மார்ச்சில் யாராலும் உறுதி சொல்லியிருக்க முடியாது.

அடுத்த முறை புது மருந்துக்கு "இத்தனை சதவீதம்" என்று செய்தி வந்தால், ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை நோயாளிகளை வைத்து?"