அழகர்மலைக் குரங்கைத் திருடனாக்கியது யார்?

மதுரையிலிருந்து அழகர்கோவில் போய், பழமுதிர்ச்சோலைக்கு மலையேறும் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். கையில் இருந்த பூஜைப் பையிலிருந்து தேங்காயும் வாழைப்பழமும் அடுத்த நொடி மரத்தின் மேல் இருக்கும். கீழே குழந்தை வீறிட்டு அழும். "சரியான திருட்டுக் குரங்கு!" என்பார் அப்பா. பத்து நிமிடம் முன்பு வேர்க்கடலையை நீட்டி செல்ஃபி எடுத்தவரும் அவர்தான்.

மனிதரும் குரங்கும் நடுவில் கம்பியே இல்லாமல் உலவும் பூங்காக்கள் வெளிநாடுகளில் உண்டு. நெதர்லாந்தின் ஆப்பன்ஹோல் பூங்கா 1971-ல் திறக்கப்பட்டது. அங்கே சின்ன அணில் குரங்குகள் பார்வையாளர் தோளிலேயே ஏறிவிடும். ஆனாலும் ரகளை கட்டுக்குள் இருக்கக் காரணம் விதிகள். தின்பண்டம் கூடாது, தொடக் கூடாது, குரங்கு திறக்க முடியாதபடி பையை மூடி வைக்க வேண்டும். கண்காணிக்க ஊழியர்களும் உண்டு.

அழகர்மலையும் ஒரு வகையில் அப்படியொரு திறந்தவெளிதான். ஆனால் அந்த ஒழுங்கு மட்டும் இங்கே இல்லை.

சாப்பாடு கொடுத்தால் என்ன தப்பு?

நாட்டுக் குரங்கு பழம், இலை, பூச்சி என்று தேடித் தின்னும் விலங்கு. ஒரு பிஸ்கட் பாக்கெட் அந்தத் தேடலையே தேவையற்றதாக்கிவிடும். நீட்டிய கையில் வாங்கிப் பழகிய குரங்கு, நீட்டாத கையிலிருந்து பிடுங்கும். முறைத்துப் பார்த்தால் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு பாயவும் செய்யும். கடித்தால் ரேபிஸ் ஆபத்து உண்டு. காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குரங்குக்கும் இதில் நஷ்டம்தான். தீனிக்காகச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. தென்னிந்தியாவைச் சேர்ந்த இந்த இனத்தை, அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் ஐ.யு.சி.என். வைத்திருக்கிறது.

பிடித்து வேறு காட்டில் விட்டால்?

தொல்லை அந்தப் பக்கத்து ஊருக்கு மாறும், அவ்வளவுதான். தீனி கிடைக்கும்வரை காலி இடத்துக்கு இன்னொரு கூட்டம் வரும்.

"ஆஞ்சநேயருக்குக் கொடுக்கிறோம், புண்ணியம்தானே?" என்பார்கள். மனசு நல்லதுதான். ஆனால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உயிரியல் பூங்காவில் பார்வையாளர்கள் விலங்குக்குத் தீனி போடக் கூடாது. கூண்டுக்குள் இருப்பதற்கே அந்தப் பாதுகாப்பு என்றால், காட்டில் வாழ்வதற்கு வேண்டாமா?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பூஜைப் பொருளை மூடிய பையில் கொடுக்கும் கடைகள், குரங்கு திறக்க முடியாத குப்பைத்தொட்டிகள், கூட்டம் சேரும் நாட்களில் பாதையில் நின்று எடுத்துச் சொல்ல நாலு பேர். கோயில் நிர்வாகமும் வனத்துறையும் சேர்ந்தால் முடியும்.

அதுவரை, மலையேறும் வாழைப்பழம் முருகனுக்கு மட்டும் போகட்டும். அதுவும் மூடிய பையில்.