இலை மஞ்சளானால் குற்றவாளி யார்?



ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்திற்குச் செல்லாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. அருவியில் நீராடித் திரும்புவோர் வெறுங்கையுடன் வருவதுமில்லை. சென்ற ஆண்டு சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர், பழங்களோடு ஒரு குறுமரத்தையும் வாங்கிச் சென்றனர். 'போன்சாய்' என்று சொல்லப்படும் தொட்டி மரம் அது. கல்லிச்சி இனத்தைச் சேர்ந்தது. ஒரு சாண் உயரம், பருத்த அடிமரம், பளபளக்கும் பச்சை இலைகள். நாள்தோறும் நீர் ஊற்றும் பொறுப்பை ஒன்பது வயது மகளிடம் ஒப்படைத்தனர்.

மூன்று வாரங்களில் இலைகள் மஞ்சளாயின. "தண்ணீர் ஊற்ற மறந்திருப்பாய்" என்றார் தந்தை. சிறுமி இன்னும் அதிகமாக ஊற்றினாள். இலைகள் உதிரத் தொடங்கின. "தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டாய்" என்றார் அதே தந்தை. ஆடிக் கடைசியில் அவர்கள் தொட்டியுடன் நம் இல்லத்திற்கு வந்தபோது, சிறுமி கேட்ட முதல் கேள்வி இது: "சாமி, நான்தான் மரத்தைக் கொன்றேனா?"

விடை கூறுமுன் மரத்தைப் பார்க்க வேண்டுமல்லவா? மஞ்சள் நிறம் ஒரு நோயன்று; நோயின் அறிகுறி மட்டுமே. காய்ச்சல் கண்டவர்க்கெல்லாம் ஒரே மருந்தைக் கொடுக்கும் மருத்துவர் உண்டோ? எந்த இலை, எவ்விடத்தில், எந்த முறையில் நிறம் மாறியது என்பதே முதல் வினா.

இளந்தளிர்கள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரால் வேர் அதனை ஏற்க இயலாமற் போவதுண்டு. முதிர்ந்த இலைகள் முழுவதும் சீராக வெளுப்பது தழைச்சத்துக் குறைவினாலும் இருக்கலாம். வெளிச்சம் போதாமையினாலும் இருக்கலாம். இலையில் ஊசி முனை போன்ற வெளிர்ப் புள்ளிகள் தென்பட்டால், வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டிப் பாருங்கள். தூசி போல் விழுந்தவை நகருமாயின் அவை சிலந்திப் பேன்கள். இலை பிசுபிசுத்து எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியையோ செதிற்பூச்சியையோ தேடுக. நுனி மட்டும் பழுப்பாகிக் கருகினால், மண் வறண்டதோ உரம் மிகுந்ததோ காரணமாகலாம். இவை எவையுமின்றிப் பச்சை இலைகளே திடீரென உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். இச்சி, ஆல் ஆகிய இனங்கள் இடம் மாறினால் இலை உதிர்ப்பது இயல்பு. சாரற்காற்றில் நின்ற மரத்தைக் கரிசற்பூமியின் வெப்பத்திற்குக் கொண்டு சென்றால் அது பழகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும்.

நம் முன் இருந்த மரத்தில் முதிர்ந்த இலைகளே மஞ்சளாகித் துவண்டிருந்தன. சில இலைகளின் நுனி கருகியிருந்தது. பூச்சி இல்லை. மண்ணைப் பார்க்கலாமென்றால், மேற்பரப்பு முழுவதும் அழகிய கூழாங்கற்களைப் பசையிட்டு ஒட்டியிருந்தனர். இடுக்கு வழியே ஓர் ஈர்க்கைச் செலுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தோம். ஈரம் சொட்ட, அழுகல் நாற்றத்துடன் வெளிவந்தது. தொட்டியைக் கவிழ்த்தபோது உண்மை புலனாயிற்று. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. வெளியே துளையே இல்லாத பீங்கான் தொட்டி. ஊற்றிய நீரெல்லாம் அடியில் தேங்கி நின்றது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக நீரே நிறைந்துவிட்டால் வேர் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே நீரின் நடுவிலேயே இலை தாகத்தால் வாடும். அதைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம்! குற்றாலத்துப் பாறை இடுக்குகளில் இச்சியும் ஆலும் இடைவிடாச் சாரலில் நனைந்தும் செழித்து நிற்கவில்லையா? அங்கே நீர் வருகிறது. வந்த நீர் தேங்காமல் வழிந்தும் போகிறது.

"நுனி எப்போது கருகியது?" என்று கேட்டோம். தந்தை சற்றுத் தயங்கினார். மஞ்சளைக் கண்டதும் தாம் ஒரு கரண்டி யூரியா இட்டதாகவும், கருகல் அதன் பின்னரே வந்ததாகவும் கூறினார். நோயுற்ற வேருக்கு உரம் உணவன்று. உப்பின் மிகுதியால் அது வேரை மேலும் சுடும். சிறுமி தனக்குச் சொல்லப்பட்டதையே செய்தாள். மரத்தை அறியாமல் மருந்திட்டவர் வேறொருவர்.

செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பினோம். கூழாங்கற்களைப் பெயர்த்தெடுக்க வேண்டும். கறுத்துக் குழைந்த வேர்களை நறுக்கி, உறுதியானவற்றை விட்டுவிட வேண்டும். செங்கற்பொடியின் பெருந்துகள், ஆற்று மணல், சிறிது மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து, துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சம் மிகுந்த திண்ணையில் வைக்க வேண்டும். ஈர்க்கு ஏறக்குறைய உலர்ந்து வந்தால் மட்டுமே நீர். துளிர் வந்து தழைக்கும் வரை உரம் கூடாது. மஞ்சளான இலை மீண்டும் பச்சையாவது அரிது; அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புதுத் தளிரே சாட்சி.

தொட்டி மரம் அற்ப ஆயுள் உடையது என்று எண்ணாதீர்கள். சீனத்தில் தோன்றி ஜப்பானில் சிறந்த கலை இது. அந்நாட்டின் யமாகி குடும்பத்தினர் வளர்த்த ஒரு வெள்ளைப் பைன் மரம், 1625 முதல் தொட்டியில் வளர்ந்து வருவது. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், ஒரு மதிலின் மறைவில் நின்று அது தப்பியது. 1976இல் அமெரிக்காவிற்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு வாஷிங்டனில் இன்றும் காக்கப்படுகிறது. 2001இல் யமாகியின் பேரர்கள் வந்து கூறிய பின்னரே அதன் கதை அங்குள்ளோர்க்குத் தெரிந்ததாம்! தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் அதன் மண்ணைத் தொட்டுப் பார்த்த கைகள் எத்தனையோ!

இரண்டு மாதங்களுக்குப் பின் சிறுமியிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கக் கிளை பட்டுப்போய்விட்டதாம். மற்றொன்றில் ஏழு புதிய இலைகளாம். தொட்டிக்குத் துளையிட்டவர் அப்பாவே என்றும், ஈர்க்கைத் தொட்டியருகிலேயே வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "இப்போதெல்லாம் தண்ணீர் ஊற்றலாமா என்று அப்பா என்னிடம்தான் கேட்கிறார்."